ஏத்துற வண்டியும் இழுக்குற வண்டியும்: அமெரிக்க பிக்கப் பத்தி ஒரு ஷாமியானாக்காரன் பேச்சு

அமெரிக்கால அதிகமா விக்கிற வண்டி எதுன்னு கேட்டா நம்மாளுங்க டெஸ்லாம்பாங்க, இல்லன்னா கேம்ரிம்பாங்க. ரெண்டும் இல்ல. ஃபோர்டு எஃப் சீரிஸ் பிக்கப். 1977-லருந்து அங்க அதிகமா விக்கிற டிரக் அதுதான், 80-கள்லருந்து கார் எல்லாத்தையும் சேத்துக் கணக்கு போட்டாலும் அதுதான் முன்னாடி நிக்குது, 2023லயும் 2024லயும் வருஷத்துக்கு 7 லட்சத்துக்கு மேல வித்திருக்காங்க. ஒரு நாட்டோட நம்பர் ஒன் வண்டி லோடு வண்டி! இதை முதல்ல கேட்டப்ப எனக்கு பயங்கர சந்தோஷம், ஏன்னா நானும் லோடு வண்டிக்காரன்தான்.

பெங்களூர் அல்சூர்ல ஷாமியானா, லைட்டு, சவுண்டு சர்வீஸ் நடத்துறேன். ஒரு பிக்கப், ஒரு குட்டி யானை. ஆடி மாசம் வந்தா ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், ஈஜிபுரானு தூக்கமே இருக்காது, அந்த சீசன் முடிஞ்சா ராத்திரில யூடியூப் தான். அதுல இந்த ஃபுல் சைஸ் பிக்கப் ரிவ்யூ பாக்குற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கிச்சு. ஆனா ரிவ்யூ பண்றவங்க எல்லாம் உள்ள உக்காந்து ஸ்க்ரீன் எத்தனை இன்ச்சு, சீட்டுல மசாஜ் இருக்கானு பேசிட்டே இருப்பாங்க, நான் அந்த கேமரா எப்படா பின்பக்கம் போகும், டோரை எப்ப இறக்குவாங்க, கயிறு கட்ட கொக்கி எங்க இருக்குனு பாத்துட்டு இருப்பேன். அதனால இது கார் ரசிகன் எழுதுற பதிவு இல்ல. லோடு ஏத்தி இறக்குறவன் பாக்குற மாதிரி தான் இருக்கும்.

ஆரம்பத்துல அந்த வண்டி சுத்தமா வேலைக்காகத் தான் இருந்துச்சு. ஃபோர்டு மாடல் டி காரை வாங்கின விவசாயிங்க பின்னாடி இருந்ததைக் கழட்டிட்டு அவங்களே மரப்பெட்டி அடிச்சு மாட்டிக்கிட்டாங்க. அதைப் பாத்துட்டு கம்பெனியே 1917-ல மாடல் டிடினு ஒரு டன் ஏத்துற சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், போட்டுச்சு, 1925 ஏப்ரல்ல ஃபேக்டரிலருந்தே பெட்டியோட ஒரு வண்டி வந்துச்சு, விலை 281 டாலர். இன்ஜின் வெறும் 20 குதிரைத்திறன், பெட்டி நீளம் 56 இன்ச்சு. ஆனா என்னென்ன குடுத்தான்னு பாருங்க: பின்னாடி கனமான ஸ்பிரிங் பட்டை, ஏத்தி இறக்குற மாதிரி பின் கதவு, பக்கவாட்டுல கட்டை சொருகறதுக்கு நாலு ஓட்டை. அந்த நாலு ஓட்டைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. அதுல நாலு கம்பை நட்டு சட்டம் அடிச்சா பெட்டியோட உயரத்தை எவ்ளோ வேணா கூட்டிக்கலாம். நூறு வருஷம் ஆச்சு, நம்மூர்ல இன்னைக்கும் வண்டி எடுத்ததும் மொத வேலையா சட்டம் அடிக்கத்தான் கொண்டு போறோம்.

1948-ல எஃப் சீரிஸ்னு பேர் வச்சு எஃப்-1லருந்து எஃப்-8 வரைக்கும் வரிசையா இறக்குனாங்க, எஃப்-1 சின்னது, நம்பர் ஏற ஏற லாரி சைஸுக்குப் போயிடும். 1953-ல அதே எஃப்-100 ஆச்சு, அப்பவே ஆட்டோமேட்டிக் கியர் ஆப்ஷன் வந்துடுச்சு. அதுவரைக்கும் மட்கார்டு வெளிய துருத்திட்டு, பெட்டி உள்ள ஒடுங்கி இருக்கும். செவர்லே 1955-ல கேமியோனு ஒண்ணு விட்டான், பெட்டியோட பக்கம் கேபினோட பக்கத்துக்கு நேரா ஒரே கோடா வர்ற மாதிரி, 1957-ல ஃபோர்டும் அதையே பண்ணான். அங்கதான் கத மாறுதுனு நான் நெனைக்கிறேன். அழகா இருக்கணும், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் எடுத்துட்டு போகணும்னு ஆசை வந்துடுச்சு.

அந்த ஆசையில ஃபோர்டு ஒரு வேலை பண்ணான். 1961-ல கேபினையும் பெட்டியையும் நடுவுல இடைவெளியே இல்லாம ஒண்ணா வெல்டு பண்ணி விட்டான். பாக்க நல்லா இருந்துச்சு, செலவும் கம்மி. ஆனா லோடு வண்டில சேசிஸ் வளையும் சார், அது வளையத்தான் செய்யும், வளையலன்னா உடையும். பெட்டியும் கேபினும் தனித்தனியா போல்ட் போட்டு உக்கார வைக்கிறதே அது தனியா ஆடட்டும் இது தனியா ஆடட்டும்னு தான். ரெண்டையும் ஒண்ணா ஒட்டுனா அந்த முறுக்கு மொத்தமும் கதவு ஃப்ரேம்ல போய் நிக்கும். லோடு ஏத்துனா கதவு சிக்கிக்குதுனு பேச்சு கிளம்பி 1963-க்கு அப்புறம் அதை விட்டுட்டு பழையபடி தனித்தனி பெட்டிக்கே போயிட்டாங்க. இன்னைக்கு 2025 மாடல் எஃப்-150 எடுத்து பாத்தாலும் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவுல ரெண்டு விரல் போற சந்து இருக்கும், ஸ்டைல் இல்ல அது.

அடுத்து கோழி கதை, இதைச் சொல்லாம விட முடியாது. அறுபதுகள்ல பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்க கோழிக்கறி மேல வரி போட்டாங்க. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் வெளிநாட்டுலருந்து வர்ற சின்ன டிரக் மேல 25 சதவீத வரி போட்டாரு, 1964-ல அமலாச்சு. கோழி சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சு, அந்த டிரக் வரி இன்னும் போகல. வெளி நாட்டு பிக்கப் அங்க விலைல நிக்கவே முடியாம போச்சு, உள்ளூர் மூணு கம்பெனியும் போட்டியே இல்லாம கொழுத்தாங்க, வண்டியும் கொழுத்துச்சு. தப்பிக்க என்னென்ன பண்ணாங்கன்னா, சுபாரு பிராட்னு ஒரு வண்டி, அதோட பெட்டிக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் சீட்டை வச்சு இது டிரக் இல்ல, பயணிகள் வண்டினு காட்டி எறக்குனான். இதுல காமெடி, ஃபோர்டே தன்னோட டிரான்சிட் கனெக்ட் வேனை துருக்கிலருந்து சீட்டு வச்சு எறக்கி, ஹார்பர் தாண்டினதும் சீட்டைக் கழட்டி சரக்கு வேனா வித்துட்டு இருந்தான், கடைசில 2024-ல 365 மில்லியன் டாலர் கட்டி கேஸை முடிச்சான். ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நாம பாக்காத வித்தையா இது!

எஃப்-150ங்கிற பேர் 1975-ல வந்துச்சு, அதுக்கும் காரணம் ஒரு விதிதான். மொத்த எடை 6,000 பவுண்டுக்கு கீழ இருக்குற வண்டிக்கு புகையைக் குறைக்குற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேணும்னு சட்டம் வந்தது, அதுக்கு ஈயமில்லாத பெட்ரோல் போடணும். எஃப்-100-ஐ கொஞ்சம் கனமாக்கி 6,000-ஐ தாண்ட வச்சு எஃப்-150னு பேர் போட்டான். இன்னைக்கு அந்தப் பேரை பச்சை குத்திக்கிற அளவுக்கு ரசிகர்கள் இருக்காங்க.

அதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு வயித்தெரிச்சல். கேபின் பெருசாகிட்டே போகுது, பெட்டி சின்னதாகிட்டே வருது. 1974-ல சீட்டுக்கு பின்னாடி கொஞ்சம் எடம் விட்டு சூப்பர்கேப். தொண்ணூறுகள் கடைசில பின்னாடி குட்டி கதவு. 2001 மாடல்ல முழுசா நாலு கதவு வச்ச சூப்பர்க்ரூ, அஞ்சு பேர் கால் நீட்டி உக்காரலாம். ஒரு காலத்துல எட்டடி பெட்டி சாதாரணம், இப்ப ரோட்டுல அதிகம் பாக்குறது அஞ்சரை அடி பெட்டி. அஞ்சரை அடியில என் ஷாமியானா பைப்பு ஒண்ணு கூட படுக்காது. பின் கதவை திறந்து போட்டு, பைப்பு நுனில சிவப்பு துணி கட்டித்தான் போகணும்.

இந்த இடத்துல மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப்பை பக்கத்துல நிறுத்தி பாருங்க. எச்டி 2.0 மாடல்ல 2.5 லிட்டர் டீசல், சுமார் 80 குதிரைத்திறன், பெட்டி பத்தடி, ஏத்தலாம்னு கம்பெனி எழுதிக் குடுத்த எடை 2 டன். எஃப்-150-ல 3.5 லிட்டர் டர்போ இன்ஜின் 400 குதிரைத்திறன், ஆனா நாலு கதவு வச்ச வண்டில பெரும்பாலும் 700, 800 கிலோ தான் ஏத்த முடியும், 2021 மாடல்ல தனி பேக்கேஜ் போட்டு சின்ன கேபின், நீள பெட்டி எடுத்தா 1,500 கிலோ வரைக்கும் போச்சு. இதை எங்க டிரைவர் மணி அண்ணன்கிட்ட சொன்னேன். "அஞ்சு மடங்கு இன்ஜினை வச்சுக்கிட்டு பாதி லோடா? அப்புறம் எதுக்குப்பா அது?" னு கேட்டாரு. கேள்வி நியாயம் தான்.

பதில் என்னன்னா அது ஏத்துற வண்டி இல்ல, இழுக்குற வண்டி. அங்க படகு, குதிரை, ஜேசிபி மாதிரி சின்ன மெஷின், வீடு மாதிரி கேரவன் எல்லாத்தையும் டிரெய்லர்ல வச்சு பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டு போறாங்க. 2021 எஃப்-150 சரியான இன்ஜின், சரியான பேக்கேஜ் போட்டா 14,000 பவுண்டு, அதாவது ஆறு டன்னுக்கு மேல இழுக்கும். சரக்கு டிரெய்லர்ல போயிடுது, அப்ப பெட்டி எதுக்கு பெருசா இருக்கணும், அந்த எடத்துல பிள்ளைங்க உக்காரட்டும்னு விட்டுட்டாங்க. இதைப் புரிஞ்சுக்காம நம்ம ஆளுங்க அதை சும்மா ஷோ வண்டினு சொல்லிடறாங்க. (ஷோவுக்கு வாங்குறவங்களும் நிறைய இருக்காங்க, அது வேற.)

இழுக்குற கணக்குல ஒரு காலத்துல எல்லா கம்பெனியும் வாய்க்கு வந்த நம்பரை போட்டுட்டு இருந்தாங்க. அப்புறம் தான் எஸ்ஏஇங்கிற இன்ஜினியருங்க சங்கத்தோட ஜே2807னு பொதுவா ஒரு விதி வந்துச்சு, அதுல ஒரு டெஸ்ட் அரிசோனால டேவிஸ் டேம் ஏத்தம்னு ஒரு மலை ரோடு, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், கொளுத்துற வெயில்ல, ஏசியை ஃபுல்லா வச்சுக்கிட்டு, டிரெய்லரை மாட்டிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்கு கீழ எறங்காம ஏறணும். இன்ஜின் சூடாகி நிக்கக்கூடாது. முதல்ல அதை ஒத்துக்கிட்டது டொயோட்டா, 2011 டன்ட்ரா பிக்கப்ல, மத்தவங்க 2015 வாக்குல தான் வந்தாங்க. அதே டன்ட்ரா 2012 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல எண்டெவர் விண்வெளி ஓடத்தையே ஒரு பாலத்து மேல இழுத்துட்டு போச்சு, தாங்குற வண்டியோட சேத்து சுமார் 130 டன். வீடியோ பாத்து வாயைப் பொளக்க வேண்டாம், சமதரைல சக்கரம் வச்ச பொருளை நடக்குற வேகத்துல நகத்துறது வேற, டேவிஸ் டேம் ஏறுறது வேற. எனக்கு ரெண்டாவது தான் பெரிய விஷயம்.

ஸ்பிரிங் பத்தியும் சொல்லிடறேன். நம்ம லோடு வண்டி எதை எடுத்தாலும் பின்னாடி பட்டை மேல பட்டை அடுக்கி இருக்கும். காலியா ஓட்டிட்டு போனா பழைய மெட்ராஸ் ரோடு ஹம்ப்புல குதிக்கும் பாருங்க, தலை கூரைல இடிக்கும், பின்னாடி காலி டிரம்மு டமடமனு அடிக்கும். அதே வண்டில ஜென்செட்டையும் (ஜெனரேட்டர்) ஸ்பீக்கர் பாக்ஸையும் ஏத்திட்டா பூ மாதிரி போகும். ஏன்னா அந்த பட்டை ஃபுல் லோடுக்காக அடிச்சது. மேல இருக்குற செட் முதல்ல வளையும், எடை இன்னும் கூடுனா கீழ இருக்குற கனமான ஹெல்பர் பட்டை போய் ஒட்டிக்கிட்டு அதுவும் தாங்க ஆரம்பிக்கும். மணி அண்ணன் லோடு ஏத்தும்போது குனிஞ்சு ரெண்டு பட்டைக்கும் நடுவுல இருக்குற இடைவெளியைத் தான் பாப்பாரு, ஹெல்பர் தொட்டுடுச்சா இல்லையானு, தொட்டுட்டா இனிமே ஒரு சேர் கூட ஏத்தக்கூடாதும்பாரு. அமெரிக்கால பாதி நாள் காலியா தான் ஓட்டுறாங்க, அதனால சொகுசு வேணும். டாட்ஜ் ராம் 1500-ல 2009 மாடலுக்கு பட்டையை தூக்கிட்டு பின்னாடியும் காயில் ஸ்பிரிங் போட்டான், 2013-ல ஏர் சஸ்பென்ஷன் கூட வந்துச்சு. 2022 டன்ட்ராவும் காயிலுக்கு மாறிடுச்சு. ஃபோர்டு மட்டும் எஃப்-150-ல இன்னும் பட்டையை விடல, ராப்டர் மாதிரி சிலதுல மட்டும் காயில்.

2015-ல ஃபோர்டு பண்ணது பெரிய சூதாட்டம். பாடி மொத்தத்தையும் அலுமினியமா மாத்துனான். சேசிஸ் எஃகு தான், மேல இருக்குற கேபின், பெட்டி எல்லாம் அலுமினியம், 700 பவுண்டு வரைக்கும், அதாவது 300 கிலோவுக்கு மேல எடை குறைஞ்சுது. அலுமினியத்தை சும்மா வெல்டு பண்ண முடியாதுனு ரிவெட்டும் பசையும் போட்டு ஒட்டுறாங்க. அதிகமா விக்கிற வண்டில, நிறைய லாபம் குடுக்குற வண்டில இப்படி கை வைக்கிறதுக்கு தைரியம் வேணும். செவர்லே சும்மா விடுவானா, 2016-ல ஒரு விளம்பரம், ரெண்டு வண்டி பெட்டிலயும் மேலருந்து கல்லைக் கொட்டி காட்டுனான், ஃபோர்டு பெட்டில ஓட்டை விழுந்துச்சு, அவன் எஃகு பெட்டில நசுங்கல் மட்டும். விளம்பரம் தான், இருந்தாலும் எனக்கு அது மனசுல நின்னுடுச்சு. ஏன்னா எங்க பசங்க லைட்டு கட்டுற ட்ரஸ் சட்டத்தை இறக்கி வைக்க மாட்டாங்க, போடுவாங்க. தொப்புனு. அலுமினியம் எல்லாம் நமக்கு ஒரு சீசன் தாங்காது.

இப்ப எனக்கு நிஜமாவே பொறாமையா இருக்குற விஷயம். 2021-ல ஹைப்ரிட் எஃப்-150 வந்துச்சு, அதுல ப்ரோ பவர் ஆன்போர்டுனு ஒரு வசதி, பெட்டிலயே பிளக் பாயிண்ட், 7.2 கிலோவாட் வரைக்கும் கரண்ட் எடுத்துக்கலாம். இன்ஜினும் பேட்டரியும் சேந்து கொடுக்கும், கரண்ட் தேவைப்பட்டா இன்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும், போதும்னா நின்னுடும். அந்த வருஷம் பிப்ரவரில டெக்சாஸ்ல பனிப்புயல் அடிச்சு மாநிலமே இருட்டாச்சு இல்ல, அப்ப இந்த வண்டி வச்சிருந்தவங்க வீட்டுக்கு வயர் இழுத்துக்கிட்டாங்க, டீலர்ங்ககிட்ட இருந்த வண்டிய மக்களுக்கு கொடுத்து உதவுங்கனு ஃபோர்டே சொல்லுச்சு. என் அக்கா பையன் டல்லாஸ்ல இருக்கான், போன்ல, "மாமா, எதிர் வீட்டுல ஃபிரிட்ஜு, லைட்டு எல்லாம் வண்டில ஓடுது மாமா, சத்தமே இல்ல" னான். சத்தமே இல்லங்கிறது தான் என் காதுல விழுந்துச்சு. ஜென்செட் சத்தத்துக்காக எத்தனை வீட்டுக்காரங்ககிட்ட திட்டு வாங்கிருக்கேன், அதை எங்க தள்ளி வைக்கிறது, கேபிளை எப்படி தெருவைத் தாண்டி இழுக்குறதுனு யோசிக்கறதுலயே ஒரு மணி நேரம் போகும். பேர் வைக்கிற விசேஷம், சின்ன மஞ்ச நீராட்டு மாதிரி வேலைக்கு ரெண்டு பாக்ஸ், ஒரு ஆம்ப், எல்இடி லைட், நாலு ஃபேன்னு போனா 5 கேவிஏ ஜென்செட்டே தாராளம். 7.2 கிலோவாட்ல முடிச்சுட்டு மிச்சமும் இருக்கும். 2022-ல வந்த எலெக்ட்ரிக் எஃப்-150 லைட்னிங்ல இன்னும் அதிகம், 9.6 கிலோவாட், முன்னாடி இன்ஜின் இருக்க வேண்டிய எடத்துல 400 லிட்டர் டிக்கி வேற. ஆனா கனமான டிரெய்லரை மாட்டுனா அதோட ரேஞ்சு பாதியா விழுந்துடும்னு ஓட்டுனவங்க சொல்றாங்க, இழுக்குற வண்டிக்கு அது அடிப்படைலயே இடிக்குது.

2021 மாடல்ல இன்னொரு ஆப்ஷன், ஏத்துன எடை எவ்வளவுனு வண்டியே ஸ்க்ரீன்ல காட்டும். இதை நம்மூர்ல வச்சா பெங்களூர்ல இருக்குற பாதி வண்டி நாள் முழுக்க சிவப்பு லைட்டோட தான் ஓடும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்குறதுக்கு 2016 மாடல்லயே ஒரு திருகு வந்துச்சு, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருகுனா போதும், ஸ்டீரிங்கை வண்டியே திருப்பிக்கும். கெட்டிக்காரத்தனம். ஸ்க்ரீன், மசாஜ் சீட்டு எல்லாம் பத்தி நான் எழுத மாட்டேன், அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க.

ஒரு விஷயத்துல மட்டும் அந்த வண்டி மேல கோவம். பானெட் உயரம். பக்கத்துல நின்னா நெஞ்சு வரைக்கும் வருது, முன்னாடி ஒரு சின்ன பிள்ளை நின்னா தெரியாது. அங்க ஐஐஎச்எஸ்னு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல சொல்லிருக்கு, 40 இன்ச்சுக்கு மேல பானெட் உயரம் இருக்குற வண்டி ஆளை இடிச்சா, தாழ்வா சரிஞ்ச மூக்கு இருக்குற வண்டியை விட சாவு வர்ற வாய்ப்பு 45 சதவீதம் அதிகம். இழுக்குறதுக்கு பெரிய ரேடியேட்டர் வேணும், சரி, ஒத்துக்கறேன். ஆனா பாதி உயரம் முறைக்கிற மூஞ்சி வேணும்னு தான் வச்சிருக்காங்க, 1994 ராம் பெரிய லாரி மாதிரி மூக்கை தூக்கி வச்சு வித்து காட்டுனதுலருந்து எல்லாரும் அதே பாதைல போறாங்க.

"இங்க ஒண்ணு கொண்டு வந்தா என்னண்ணா?" னு பசங்க கேப்பாங்க. நாலு கதவு எஃப்-150 நீளம் 5.9 மீட்டர் கிட்ட, அகலம் கண்ணாடி இல்லாம 2.03 மீட்டர், கண்ணாடியோட 2.43. பிடதில டொயோட்டா அசெம்பிள் பண்ற ஹைலக்ஸே 5.3 மீட்டர், 1.86 அகலம், அதை மைசூர் ரோட்டுல பாத்தே எவ்ளோ பெருசுனு வாயைப் பொளக்குறோம், அங்க அது நடுத்தர சைஸ்ல தான் சேரும். அல்சூர் பஜார் தெருவுல கண்ணாடியை மடக்கிட்டு போனாலும் எதிர்ல ஒரு ஆட்டோ வந்தா முடிஞ்சுது. அங்க ஸ்டீரிங் இடது பக்கம் வேற, ஆஸ்திரேலியால 2023-ல மெல்போர்ன்ல பிரிச்சு வலது பக்கம் மாத்தித்தான் விக்க ஆரம்பிச்சாங்க, இறக்குமதி வரியோட நம்ம கைக்கு வர்றதுக்குள்ள ஒரு ஃபிளாட் விலை ஆயிடும். பெரிய டேங்க் 136 லிட்டர், நம்ம பெட்ரோல் ரேட்டுக்கு ஒரு தடவை ரொப்புனா 13,000 ரூபாய்க்கு மேல, லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் குடுக்கும். ஒரு கல்யாண ஆர்டர் லாபம் பங்க்லயே போயிடும்.

அதனால வண்டி வேணாம், அந்த பிளக் பாயிண்ட் மட்டும் போதும். நம்மூர்ல டாடா நெக்ஸான் இவி கார்ல 2023-லயே 3.3 கேவிஏ வரைக்கும் வெளிய கரண்ட் எடுக்குற வசதி குடுத்துட்டாங்க, கார்ல வச்சு என்ன பண்ணுவாங்க, பிக்னிக் போனா கெட்டில் போடுவாங்க. வேலைக்காரன் வாங்குற லோடு வண்டில அது என் கண்ணுல இன்னும் படல. எலெக்ட்ரிக்லயோ சிஎன்ஜிலயோ, பெட்டி ஓரத்துல தண்ணி படாத மூடியோட 5 கேவிஏ பாயிண்ட் ஒண்ணு வச்சு எவனாவது பிக்கப் விட்டா, என் சின்ன ஜென்செட்டை அன்னைக்கு சாயங்காலமே ஓஎல்எக்ஸ்ல போட்டுடுவேன், வேணுங்கிறவங்க இப்பவே சொல்லி வைங்க, ரெண்டு மாசம் முன்னாடி தான் கார்புரேட்டர் மாத்துனது.